இணைப்பைத் துண்டிக்க இங்கே அழுத்தவும்

எங்கள் நகரத்துக் குடிநீர் அலுவலகத்துக்குக் கடமைகள் இரண்டு. ஒன்று, குழாயில் தண்ணீர் விடுவது. மற்றொன்று, தண்ணீர் விட முடியாத நாளை மக்களுக்கு முன்கூட்டியே தெரிவிப்பது. முதல் கடமையை ஐந்து மாடிக் கட்டடமும் எழுநூறு ஊழியர்களும் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவதை நான் பார்த்துக்கொண்டேன்.

பதினொரு வருடங்களாகத் திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவேன். அந்த வாரம் எந்தத் தெருவில் எந்த நாள் தண்ணீர் நிற்கும், எத்தனை மணிக்குத் திரும்ப வரும், அவ்வளவுதான். மொத்தம் நாலு வரி. கடிதம் வேண்டுகிறவர்கள் கீழ்த்தளத்துக் கவுண்டரில் கயிறு கட்டித் தொங்கவிட்ட நோட்டில் முகவரியை எழுதிவிட்டுப் போவார்கள். நான் பட்டியலில் சேர்த்துக்கொள்வேன். வேண்டாதவர்கள் "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை பதில் போடுவார்கள், எடுத்துவிடுவேன். நாலாயிரத்துச் சொச்சம் பேர் பட்டியலில் இருந்தார்கள். கடிதத்தைப் படிப்பார்கள், வாளியில் தண்ணீர் பிடித்து வைப்பார்கள், பிறகு எங்களை மறந்துவிடுவார்கள். பதினொரு வருடத்தில் ஒரு புகார் கிடையாது. புகாரே வராததால் இப்படி ஒரு வேலை நடப்பது மேலிடத்துக்குத் தெரியாமலே போயிற்று.

புதிதாக வந்த ஆணையர், பொறுப்பேற்ற மூன்றாவது வாரம் ஒரு பயிற்சி முகாமுக்குப் போனார். மூன்று நாள் கழித்துத் திரும்பியபோது அவர் கையில் ஒரு துணிப்பையும் வாயில் 'உறுப்பினர்' என்ற சொல்லும் இருந்தன. துணிப்பையைத் தன் ஓட்டுநருக்குக் கொடுத்துவிட்டார். சொல்லை எங்களுக்குக் கொடுத்தார்.

என்னை அழைத்து உட்காரச் சொன்னார். ஒரு ஆணையர் என்னை உட்காரச் சொன்னது அதுவே முதல் தடவை என்பதால் அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"இந்தத் திங்கக்கிழமை கடிதம் யாருக்குப் போகுது?"

"கேட்டவங்களுக்குப் போகுது, சார்."

"அவங்களுக்குக் கணக்கு இருக்கா?"

"என்ன கணக்கு, சார்?"

"உறுப்பினர் கணக்கு. நம்ம இணையதளத்துல."

இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாலாயிரம் பேர் எதிலும் உறுப்பினர் ஆகாமலே பதினொரு வருடம் கடிதம் படித்திருக்கிறார்கள் என்பது அவரை வருத்தியது. ரொட்டிக் கடையில் உறுப்பினர் உண்டு, செருப்புக் கடையில் உண்டு, தான் முடி வெட்டிக்கொள்ளும் இடத்தில் தானே வெள்ளி உறுப்பினர் என்று சொன்னார். அவர் தலையில் மிச்சமிருந்த முடிக்கு வெள்ளி கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அதைச் சொல்லவா என்னை உட்கார வைத்தார்?

அன்றே 'இலவச உறுப்பினர் திட்டம்' பிறந்தது. காசு கட்டும் உறுப்பினரும் உண்டா என்று கேட்டேன். கிடையாது, எல்லோருமே இலவசம் என்றார். அப்படியானால் இலவசம் என்று எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டதற்கு, சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்றார். உறுப்பினர்களில் துளி, ஓடை, ஆறு என மூன்று நிலைகள். நூறு கடிதம் திறந்து பார்த்தவர் துளியிலிருந்து ஓடை ஆவார். ஓடையில் ஐந்நூறு திறந்தால் ஆறு. ஆறு ஆனவருக்கு என்ன கிடைக்கும் என்றால், அவர் ஆறு ஆகியிருப்பார்.

இணையதளம் செய்ய ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். தன் பேச்சை யாரும் கேட்கப்போவதில்லை என்று பழகிப்போனவர் மாதிரி மெதுவாகப் பேசுவார். நாங்கள் அவரைத் தளக்காரர் என்று கூப்பிட்டோம். அவர் வெள்ளைப் பலகையில் இரண்டு வட்டம் போட்டார்.

"கடிதம் வேற, கணக்கு வேற. கடிதம் மட்டும் போதும்கிறவங்க இருப்பாங்க. சின்னதா ஒரு கட்டம் வச்சு, கணக்கும் வேணும்னா டிக் பண்ணுங்கன்னு கேட்டுக்கலாம்."

"கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவாங்களே" என்றார் ஆணையர்.

எழுந்து போய் இரண்டு வட்டத்தையும் அழித்துவிட்டு ஒரே வட்டமாகப் போட்டார். கடிதப் பட்டியலில் இருப்பவர் எவரும் அக்கணமே உறுப்பினர். கடிதத்தை நிறுத்தினால் கணக்கு மூடப்படும், கணக்கை மூடினால் கடிதம் நிற்கும். உறுப்பினர் யார் எவர் என்று தெரியவேண்டாமா? ஆகவே ஒவ்வொரு கணக்கும் அவரவர் வீட்டுக் குடிநீர் இணைப்பு எண்ணோடு சேர்த்துக் கட்டப்படும். இதற்கு 'முழுமையான ஒருங்கிணைப்பு' என்று பெயர் வைத்து, வட்டத்தின் நடுவில் எழுதி, அடிக்கோடும் போட்டார். தளக்காரர் தன் பேனாவைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், வெளியேற விரும்புகிறவருக்கு ஒரு பொத்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். பொத்தானுக்கு வாசகம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. 'கடிதம் வேண்டாம்' என்று எழுதி அனுப்பினேன். கோப்பு சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது. 'வேண்டாம்' என்பது சாப்பாட்டு மேசையில் சொல்வது, அலுவலகத்தில் சொல்வது அல்ல, அங்கீகரிக்கப்பட்ட சொற்பட்டியலைப் பார்த்து எழுதுக.

எங்கள் அலுவலகத்துக்கென்று ஒரு சொற்பட்டியல் உண்டு. அதைத் தயாரித்த குழு சொற்களை மிகச் சிக்கனமாகச் செலவு செய்திருந்தது. வீட்டுக்கும் குழாய்க்கும் உள்ள தொடர்பு, இணைப்பு. கடிதத்தோடு குத்தி வைக்கும் காகிதம், இணைப்பு. இணையதளத்தில் அழுத்தினால் வேறு பக்கத்துக்குப் போகும் நீல எழுத்து, இணைப்பு. கடிதப் பட்டியலைக் கணக்கோடு சேர்ப்பது, அதுவும் இணைப்பு. இவற்றில் எதை முடித்துக்கொண்டாலும் அதற்குச் சொல் ஒன்றுதான்: துண்டித்தல்.

எனவே 'இணைப்பைத் துண்டிக்க இங்கே அழுத்தவும்' என்று எழுதினேன்.

படிவத்தில் அடுத்த கட்டம், 'செயல்படுத்தும் பிரிவு'. பொத்தானை அழுத்தினால் அந்தச் செய்தி எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று அதில் எழுத வேண்டும். எங்களுக்கு இரண்டாவது மாடியில் ஒரு துண்டிப்புப் பிரிவு இருக்கிறது. துண்டிப்பு அவர்கள் வேலைதானே என்று அதையே எழுதினேன். எழுதும்போது ஏதோ உறுத்தியது. ஆனால் மணி ஒன்று ஆக ஐந்து நிமிடம்தான் இருந்தது, சாப்பாட்டுப் பை மேசைக்கடியில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்தைப் பார்த்து எனக்கு மேலே இருந்தவர் போட்டார். அவருடையதைப் பார்த்து ஆணையர் போட்டார்.

திட்டம் ஒரு திங்கட்கிழமை தொடங்கியது. நாலாயிரம் பேரும் காலையில் துளிகளாக எழுந்தார்கள்.

உறுப்பினரை வரவேற்காமல் இருப்பது மரியாதை இல்லை என்பதால் முதலில் வரவேற்புக் கடிதம் போயிற்று. வரவேற்பு கிடைத்ததா என்று ஒரு கடிதம். கிடைத்தது என்றவர்களுக்கு நன்றி, பதிலே போடாதவர்களுக்கு வருத்தம். பிறகு காலை வணக்கம், சிக்கனமாகக் குளிக்க ஒரு யோசனை, 'நீங்கள் ஓடை ஆக இன்னும் தொண்ணூற்றெட்டுக் கடிதங்களே', ஆணையரின் படம், மாலை வணக்கம். கூட்டிப் பார்த்தால் நாளுக்கு ஒன்பது. எல்லாவற்றையும் நான்தான் எழுத வேண்டும். என் பழைய நாலு வரிக் கடிதத்தை, அதில் வணக்கமும் இல்லை படமும் இல்லை என்று, 'உறுப்பினர் அனுபவக் குழு' மெருகேற்ற வாங்கிக்கொண்டு போயிற்று.

இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஆறு வயது மூத்தவள். பாசத்தில் அம்மாவுக்கு அடுத்த இடம், கோபத்தில் அம்மாவுக்கு முந்தின இடம். அலுவலகத்திலிருந்து நாலு தெரு தள்ளி, வீட்டை ஒட்டிய இடத்தில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறாள். பச்சை நிழல்வலைக்குக் கீழே வரிசை வரிசையாகக் குழித்தட்டுகள். மிளகாய், கத்தரி, தக்காளி என்று முளைக்கவைத்து, மூன்று நாலு வாரம் வளர்த்து, தோட்டக்காரர்களுக்குக் கொடுப்பாள். அந்த வாரம் ஆறாயிரம் மிளகாய் நாற்று சனிக்கிழமை எடுத்துப்போகிற பக்குவத்தில் நின்றது. விரல் நீள நாற்று, குழியில் ஒரு பிடி மண்தான் இருக்கும். காலையும் மாலையும் தண்ணீர் காட்ட வேண்டும். ஒரு வேளை தவறினால் வாடும். ரெண்டு நாள் தவறினால் தட்டைக் கவிழ்த்துவிட வேண்டியதுதான்.

அக்காவும் என் பட்டியலில் பழைய ஆள். செவ்வாய்க்கிழமை மதியம் போன் பண்ணினாள்.

"ஏன்டா, உன் ஆபீஸ் எனக்கு நேத்து ஒன்பது கடிதம் போட்டிருக்கு. உங்க மாமா கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்கிட்ட இவ்வளவு பேசினதில்ல. கையெல்லாம் மண்ணு, ஒவ்வொரு தடவையும் கழுவிட்டு வந்து பார்த்தா, வணக்கம்ங்கிறான்."

"கடைசியில ஒரு பொத்தான் இருக்கும் பாரு, அக்கா. அதை அழுத்திடு. நின்னுடும்."

நான்தான் சொன்னேன். இதை யார் மேலும் போட முடியாது. அக்கா கை கழுவிக்கொண்டு வந்து அழுத்தினாள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குத் துண்டிப்புப் பிரிவிலிருந்து இரண்டு பேர் பண்ணை வாசலில் நின்றார்கள். ஒருவர் கையில் ஸ்பேனர், மற்றவர் கையில் காகிதம். அக்கா எனக்கு போன் போட, நான் பல் தேய்த்த பிரஷோடு ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் குழாயைக் கழற்றி, வாயில் மூடி போட்டு, ஈய முத்திரையும் குத்தியிருந்தார்கள்.

"நீங்கதானேம்மா அழுத்தினது?" என்று காகிதக்காரர் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடிதம் வேண்டாம்னு அழுத்தினேன்."

"இதுல கடிதம்கிற வார்த்தையே இல்லையேம்மா. இணைப்பைத் துண்டிக்கன்னு போட்டிருக்கு. இணைப்பு எண்ணும் உங்களோடதுதான்."

நான் இடையில் புகுந்து, அந்த வாசகத்தை எழுதியதே நான்தான், அதற்கு அர்த்தம் வேறு என்றேன். நல்ல தமிழ் என்று பாராட்டினார் காகிதக்காரர். ஸ்பேனர்காரருக்கு முப்பது வருட சர்வீஸ். போகிற இடமெல்லாம் திட்டு வாங்கியே பழகியவர். நேற்றிலிருந்து ஜனங்கள் தாங்களாகவே கூப்பிட்டுத் துண்டிக்கச் சொல்வதில் நெகிழ்ந்துபோயிருந்தார். இந்தத் தெருவில் மட்டும் பதினேழு வீடு என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். பக்கத்து வீட்டில் குடம் கேட்கலாம் என்ற என் யோசனை அத்தோடு போயிற்று.

பண்ணையில் இரண்டு டிரம் தண்ணீர் இருந்தது. அக்கா பூவாளியை எடுத்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அலுவலகத்துக்கு ஓடினேன். கீழ்த்தளக் கவுண்டரில் இருக்கும் அம்மாளும் நானும் ஒன்பது வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். என் டப்பாவில் எந்தக் கிழமை என்ன குழம்பு என்பது அவருக்குத் தெரியும். விஷயத்தைச் சொன்னேன். அதற்கென்ன, மறு இணைப்பு விண்ணப்பம் இணையதளத்தில் இருக்கிறதே என்றார்.

"உறுப்பினர் எண் சொல்லுங்க."

"அதான் கணக்கு மூடிடுச்சே. கடிதத்தை நிறுத்தினா கணக்கும் போயிடும்."

"அப்ப புதுசா ஒரு கணக்கு தொடங்கணும். கடிதப் பட்டியல்ல சேருங்க, தானா கணக்கு வந்துடும்."

"சேர்த்துக்குங்க."

"குடிநீர் இணைப்பு எண்?"

சொன்னேன். தட்டிப் பார்த்தார்.

"இந்த இணைப்பு துண்டிச்சிருக்குன்னு காட்டுது. நடப்புல இருக்கிற இணைப்பு எண் வேணும்."

"நடப்புல இருந்தா நான் ஏன் இங்க வர்றேன்?"

"அதுவும் சரிதான்" என்றார். உண்மையிலேயே யோசித்துவிட்டு, இதை ஒரு புகாராகக் கொடுக்கலாம் என்றார். புகாரை எங்கே கொடுப்பது என்று நான் கேட்கவில்லை, அவர் திரும்பிக் கணினியைப் பார்த்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை ஒரு டிரம் காலி. வெயில் படும் ஓரத்துத் தட்டுகளில் நாற்றுகள் தலையைத் தொங்கப்போட்டுவிட்டன. அக்கா ஓரத்துத் தட்டுகளை உள்ளே நகர்த்தி, உள்ளே இருந்தவற்றின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடினாள். சனிக்கிழமை வருவதாகச் சொன்ன தோட்டக்காரர் ஒருவர் போன் பண்ணி, மண்ணைத் தயார் பண்ணிவிட்டேன் என்றார். அக்கா சரி என்று மட்டும் சொன்னாள். அவள் குரல் எனக்கு என்னவோ போல் இருந்தது. அங்கிருந்து நேரே ஆணையரிடம் போனேன்.

ஆணையர் மிக நல்ல மனநிலையில் இருந்தார். சுவரில் புதிதாக ஒரு வரைபடம் மாட்டியிருந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டிப்புகள், எல்லாம் ஒரே நாளுக்குள் முடிக்கப்பட்டவை. இத்தனை வேகமாக இந்த அலுவலகம் எதையுமே செய்ததில்லை என்றார். புகார் என்ற வரிசையில் பூஜ்யம் இருந்தது.

"புகார் கொடுக்கணும்னா உறுப்பினரா உள்ள நுழையணும், சார். இவங்க யாரும் இப்ப உறுப்பினர் இல்ல."

"அதனாலதான் தரமான புகார் மட்டும் வருது."

"ஒண்ணும் வரலையே, சார்."

"அவ்வளவு தரம்."

அக்காவின் நாற்றுகளைப் பற்றிச் சொன்னேன். அவர் மனம் இல்லாதவர் அல்ல, உச்சுக் கொட்டினார். தன் வீட்டு மாடியிலும் ரெண்டு தொட்டி இருப்பதாகச் சொன்னார். ஆனால் உறுப்பினர் தன் விருப்பத்தைத் தெளிவாகத் தெரிவித்திருக்கும்போது நாம் தலையிடுவது முறையல்ல. அப்புறம் கோப்பைப் புரட்டி, வாசகத்தின் கீழே இருந்த முதல் கையெழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். எதிரில் கணினியில் அலுவலகத்தின் பொது அஞ்சல் பெட்டி திறந்திருந்தது, அதைப் பார்ப்பதும் என் வேலைதான். முந்தின நாளின் ஒன்பது கடிதங்கள் அதிலும் வந்து கிடந்தன. தளக்காரர் முதலில் சோதித்துப் பார்க்க ஒரு கணக்கு வேண்டுமே என்று, எங்கள் அலுவலக முகவரியையும் இந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் இணைப்பு எண்ணையும் போட்டுத் தொடங்கியிருந்தார். அலுவலகமே உறுப்பினர் எண் ஒன்று. நிலை, துளி.

கோபம்தான். வேறு பெயர் வைத்து மழுப்ப விரும்பவில்லை. மாலை வணக்கத்தின் அடிவரைக்கும் போய் அழுத்தினேன்.

ஒரு நாள்கூட ஆகவில்லை. இரண்டாவது மாடியிலிருந்து இறங்கி வர எவ்வளவு நேரம்? நாற்பது நிமிடத்தில் ஸ்பேனர்காரர் வாசலில் இருந்த பிரதான வால்வை மூடி முத்திரை குத்திவிட்டு, காகிதத்தில் என்னிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். மணி ஒன்றே முக்கால். எழுநூறு பேர் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

இரண்டரை மணிக்கு எல்லா மாடியிலும் கழிவறைக் கதவருகே கூட்டம். மூன்று மணிக்கு ஆணையர் தன் அறையை விட்டுத் தானே வெளியே வந்தார். இணைப்புப் பிரிவைக் கூப்பிட்டார், இணையதளத்தில் விண்ணப்பிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொண்டார்கள். விண்ணப்பித்தார். உறுப்பினர் எண் கேட்டது. ஒன்று என்று போட்டார். அப்படி ஓர் உறுப்பினர் இல்லை என்றது. துண்டிப்புப் பிரிவைக் கூப்பிட்டார், துண்டித்ததை மறுபடி ஒரு தடவை வேண்டுமானால் துண்டித்துத் தருகிறோம் என்றார்கள். தளக்காரரை வரவழைத்து, உள்ளே நுழைய ஏதாவது வழி உண்டா என்று கேட்டார்.

"வட்டத்துல ஏது சார் வாசல்?" என்றார் தளக்காரர், அதே மெதுவான குரலில்.

ஆணையர் ஒரு காலில் நின்றார். பிறகு மற்றக் காலில் நின்றார்.

அப்போதுதான் நான் 'சோதனை ஓட்டம்' என்று ஒன்று இருப்பதை நினைவுபடுத்தினேன். குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வால்வைத் திறந்து தண்ணீர் விடலாம், அதற்கு இணைப்பு தேவையில்லை, ஆணையர் கையெழுத்து மட்டும் போதும். நான் முடிப்பதற்குள் பேனாவை எடுத்துவிட்டார். சோதனை என்றால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு சில இடங்களும் வேண்டும் என்று விதி இருக்கிறது, பட்டியலைப் பின்னால் சேர்த்திருக்கிறேன் என்றேன். பட்டியலில் முதல் பெயர் அக்காவின் பண்ணை. அதற்குக் கீழே அழுத்தியிருந்த மற்ற முந்நூற்றுப் பதினொரு வீடுகளும் இருந்தன. அவர் படிக்கவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போடுவது எவ்வளவு நல்ல பழக்கம் என்பதை அன்று நேரில் பார்த்தேன். போட்டுவிட்டு ஓடினார்.

ஐந்து மணிக்கு அக்கா வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் நாலாயிரம் நாற்று தலை தூக்கி நின்றது. மீதி ரெண்டாயிரம் தூக்கவில்லை. அக்கா அந்தத் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து மண்ணைத் தட்டினாள். நான் கூட நின்று தட்டினேன். வெட்கமாக இருந்தது. மண்ணைத் தயார் பண்ணிவிட்டேன் என்று சொன்ன அந்தத் தோட்டக்காரருக்குப் பாதி நாற்றுதான் கொடுக்க முடிந்தது.

இதோடு கதை முடிந்தால் எங்கள் அலுவலகம் எதற்கு இருக்கிறது? சோதனை ஓட்டத்துக்குத் தொடங்கும் தேதி உண்டு, முடியும் தேதிக்குப் படிவத்தில் கட்டமே இல்லை. எனவே இன்றைக்கும் காகிதத்தில் அந்த வீடுகள் எதற்கும் இணைப்பு கிடையாது, சோதனைதான். சோதனையில் பங்கேற்பவர்களின் கருத்தைக் கேட்பதற்காக அவர்களுக்கெல்லாம் புதிதாக ஒரு கணக்கும் கொடுத்து, ஒன்பதோடு பத்தாவதாக ஒரு கடிதமும் போகிறது. அதன் அடியிலும் பொத்தான் இருக்கிறது. 'சோதனையை முடிக்க இங்கே அழுத்தவும்.' வாசகம் நான் எழுதியது. சொற்பட்டியலில் அதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை.

அந்த வாரத்துக்குப் பிறகு நகரத்தில் ஒருவர்கூட எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. கடிதம் வந்தால் வேகமாகக் கையை எடுத்துக்கொள்கிறார்கள். மாத அறிக்கையில், விலகிய உறுப்பினர்கள் பூஜ்யம். உறுப்பினர்கள் ஒருவர்கூடப் பிரிய மனமில்லாத கடிதம் என்று எங்களுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதை வாங்கிய கையோடு ஆணையருக்குப் பதவி உயர்வும் வந்தது. வழியனுப்பு விழாவில் பேசியவர்கள் எல்லோரும், என்னையும் சேர்த்துத்தான், ஒருங்கிணைப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தினோம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை அக்கா போன் பண்ணினாள். குரல் சில்லென்று இருந்தது.

"தண்ணி வரல. நான் எதையும் அழுத்தல."

விசாரித்தேன். துண்டிப்பு இல்லை. அவள் தெருவில் சாதாரண வால்வு பழுது, மாலை நாலு மணிக்கு வந்துவிடும். அப்படித்தான் சொன்னேன்.

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா டிரம்ல பிடிச்சு வச்சிருப்பேனே. தினம் பத்துக் கடிதம் போடுறீங்க. ஒண்ணுலயாவது இதைச் சொல்லக் கூடாதா?"

என் நாலு வரி இன்னும் மெருகேறிக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாக எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதை எந்தக் கடிதத்திலும் நாங்கள் சொல்லவில்லை. பதினொரு வருடம் அந்த வேலையைச் செய்த எனக்கே அது அவள் சொல்லித்தான் உறைத்தது.

"திங்கக்கிழமை காலைல எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடு. அது போதும்" என்றாள்.

சொன்னேன். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் தனக்கும் சொல்லச் சொன்னார். பிறகு எதிர் வீடு, பிறகு அந்தத் தோட்டக்காரர். அக்கா பண்ணை வாசலில் ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். வேண்டுகிறவர்கள் பெயரையும் போன் நம்பரையும் எழுதிவிட்டுப் போனார்கள். நான் திங்கட்கிழமைதோறும் நாற்பது பேரைக் கூப்பிட்டேன், பிறகு எழுபது பேரை. நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. ஆனால் எழுபது பேரைக் கூப்பிடுகிறவனுக்கு ஒரு ஒழுங்கு வேண்டாமா? நோட்டில் கோடு போட்டேன். பெயர், நம்பர், தெரு, யார் சொல்லி வந்தார், போன வாரம் போனை எடுத்தாரா. தொடர்ந்து எடுக்காதவர்களுக்குச் சிவப்பில் ஒரு புள்ளி வைத்தேன்.

போன திங்கட்கிழமை சாயங்காலம் பண்ணையில் நின்றிருந்தேன். மூன்றாவது வீட்டு அம்மாள் காலி வாளியோடு அந்தப் பக்கமாக வந்தார். அக்கா பூவாளியோடு தட்டுகளுக்கு நடுவில் இருந்தாள்.

"தம்பி, நம்ம தெருவுல இந்த வாரம் தண்ணி என்னைக்கு நிக்குது?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"நோட்டுல உங்க பேர் இருக்கா?"

"இல்லையே. சும்மா இந்தப் பக்கம் வந்தேன், கேட்டேன்."

"முதல்ல பதிஞ்சுக்குங்க. பதிஞ்சவங்களுக்குத்தான் சொல்றது."

அந்த அம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைத் தேடினார். அக்கா பூவாளியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் அருகில் வந்து, என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள்.

"ஏன்டா தம்பி," என்றாள், "உங்கிட்ட பொத்தான் எங்க இருக்கு?"